பத்து நிமிஷம் கேட்கும் பெட்டி

காது இரண்டையும் சட்டியைக் கவிழ்த்து மூடின மாதிரி இருக்கிறது. மேடம்தான் இந்த ஹெட்போனை மாட்டிவிட்டார்கள், என் முடியை ஒதுக்கி, தோடு அழுந்தாமல் பார்த்து. நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாது, அந்தக் கறுப்புப் பஞ்சில் ஒட்டியிருக்கும், நாளைக்கு வேறு யாராவது மாட்டும்போது என்ன இது பிசுபிசுப்பு என்பார்கள். மடியில் பாப்பா. இந்த ஆராய்ச்சி ஆபீஸ் ரூமின் ஏசி குளிருக்கு என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, குடிக்கிறதும் விடுகிறதுமாக இருக்கிறாள். மேடம் வாயசைத்து ஏதோ சொல்கிறார்கள், கேட்கவில்லை, ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம் என்றா, முதலாவது என்றா, தெரியாமலே தலையை ஆட்டிவிட்டேன். எதற்கும் தலையை ஆட்டிவிடுகிற பழக்கம் எனக்கு. கேட்டால் ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்தை, கேட்கக் கூச்சப்பட்டு, நானே ஒன்றை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிற பழக்கம். அதுதான், அதனால்தான், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். சத்தம் வந்துவிட்டது. வந்ததும் எனக்கு மூச்சு தானாக நின்றது. இது கடலுக்குள்ளே கேட்கிற சத்தம். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, சடசடவென்று, ஓயாமல், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி எல்லாப் பக்கமும். ஐந்தாம் வகுப்போடு நின்று அம்மா பின்னால் பாசி எடுக்க முங்கின நாளிலிருந்து கேட்ட சத்தம், பாப்பா வயிற்றில் வந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத சத்தம். மேடம் பயந்துபோய் என் தோளைத் தொட்டார்கள். மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன். உள்ளே இருக்கும்போது மூச்சு விட முடியாதே மேடம் என்று சொல்ல நினைத்தேன். சிரித்தேன் போல. இந்த நேரத்தில் எதற்குச் சிரித்தேன்.

இந்தச் சடசடப்பு என்னவென்று ரேணுகா மேடம் எங்கள் பெண்களுக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத இறாலாம், ஒரு கொடுக்கு மட்டும் பெரிசாக இருக்குமாம், பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சொடுக்குமாம். நாங்கள் பாறை வேகுது என்போம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். போன ஐப்பசியில் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார்கள். தீவுக்குத் தெற்கே, நாங்கள் பாசி எடுக்கிற பாறைக்குப் பக்கத்தில், கடல் தரையில் ஒரு பெட்டி இறக்கப்போகிறோம், அதில் மைக் இருக்கும், யாரும் தொட்டுவிடாதீர்கள் என்றார்கள். எதுக்கு மேடம் என்றதற்கு, கடல் பசு இந்தப் பக்கம் வருதா, எந்த மீன் எந்த மாசம் முட்டை போடக் கூப்பிடுது, கப்பல் சத்தமும் எஞ்சின் சத்தமும் கூடிப்போய் ஒண்ணு கூப்பிடறது இன்னொண்ணுக்குக் கேக்காமப் போகுதா, இதெல்லாம் தெரியணும்மா, கடலுக்குள்ள கண்ணு எட்டாத தூரம் காது எட்டும் என்றார்கள். பெட்டி பத்து நிமிஷம் கேட்கும், இருபது நிமிஷம் தூங்கும், மறுபடி பத்து நிமிஷம் கேட்கும், அப்படி இருந்தால்தான் பேட்டரி நாலைந்து மாதம் தாங்கும் என்றதும், எங்கள் கூட்டத்துத் தலைவி சீனியம்மா அக்கா எழுந்து, "பத்து நிமிசமா? எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இது தேவல மேடம், அதுகளுக்கு நாம பேசுனா ஒரு நிமிசங்கூட காது கேக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் நாலு மாதக் கைப்பிள்ளையை முந்தானையால் மறைத்துக்கொண்டு கடைசியில் நின்று சிரித்தேன். அவர் எதிர்ப்பக்கம் ஆம்பிளைகள் கூட்டத்தில் நின்றார். என்னைப் பார்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, சொல்லு கேட்குது என்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். அத்தனை பேர் நடுவில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பியிருக்க வேண்டாம். ஒரு மாதம்தான் இருந்தது, தெரியாது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், நம்புராஜன். கார்த்திகையில் ஒரு நாள் காலையில் வத்தைப் படகில் தனியாக நண்டு வலை எடுக்கப் போனவர். இது பங்குனி. நாலு மாதம். வத்தையும் வரவில்லை, ஒரு பலகையும் ஒதுங்கவில்லை. ஒன்றும் ஒதுங்காததுதான் நல்லது என்று என் கொழுந்தன் சேது சொல்வான். எஞ்சின் நின்று, நீவாட்டில், அந்த நீரோட்டத்தில், இழுபட்டு, அக்கரைக்குப் போயிருக்கும், அங்கே பிடித்து வைத்திருப்பார்கள், எத்தனை பேர் அப்படி ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறார்கள் என்பான். மனு எழுதிக்கொண்டே இருக்கிறான். மாமியார் சாமி படத்துக்கு முன்னால் அவர் போட்டோவை வைக்கவிடவில்லை, அது செத்தவுகள வைக்கிற எடம் என்று சொல்லிவிட்டாள். நான் பொட்டு வைக்கிறேன், பூ வைக்கிறேன். தெருவில் சிலர் பார்க்கிற பார்வை தெரிகிறது, குனிந்துகொள்கிறேன். இப்போது பெட்டியை மேலே எடுத்துவிட்டார்கள். அதில் அந்தத் தேதியில், காலை ஒன்பது மணிக்கு ஒரு எஞ்சின் வருகிறது, வந்து நிற்கிறது, அது யாருடையது என்று மேடம் ஊரில் கேட்டார்கள். சேது வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான், எஞ்சின் நிற்கிற வரைக்கும்தான் போட்டார்களாம். "அண்ணன் எஞ்சின் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்று சொல்லிவிட்டானாம். ஆம்பிளைகள் எஞ்சினை மேலே இருந்து கேட்டவர்கள். கீழே இருந்து அதையே கேட்டுக் கேட்டுப் பழகினவள் நான்தான். இல்லை என்று நான் சொன்னால் அவர் தீவுக்கு வடக்கேதான் நின்றுபோயிருப்பார், அக்கரைக்கு வழி இருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் அவர் தெற்கே வந்திருக்கிறார். கார்த்திகை வாடையில் தெற்கே எஞ்சின் நின்றால் கரை கிடையாது. காற்று இழுத்துக்கொண்டு போகிற பக்கம் முழுக்கத் தண்ணீர்தான். சேது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வரும்போது பஸ்ஸில், "மதினி, நல்லாக் கேளுங்க, அவசரப்படாதீங்க, இல்லன்னு தோணுனா இல்லன்னே சொல்லுங்க" என்றான். எனக்குச் சொல்லிக்கொடுக்கிறானா, கெஞ்சுகிறானா.

சடசடப்புக்கு அடியில் ஏதோ வருகிறது. தூரத்தில் கொசு மாதிரி. மேடம் கம்ப்யூட்டரில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள், நீலத்துக்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு, சத்தத்தைப் படமாகப் போடுமாம். நான் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன். இல்லையென்று இருக்கட்டும். வேறு எவனாவது, எவனாவது என்ன, அவனுக்கும் ஒருத்தி இருப்பாள், ஆனால் வேறு எஞ்சினாக இருக்கட்டும். பாப்பா கடிக்கிறாள், இரண்டு பல் முளைத்துவிட்டது, அவருக்குத் தெரியாத பல். கொசு பெரிதாகிறது. ட்ர ட்ர டக், ட்ர ட்ர டக். மூன்றாவது கால் நொண்டுகிறது. எஞ்சின் விசிறியில் மூன்று இதழ், அதில் ஒன்று நுனி போனது, போக வைத்தது நான். கல்யாணம் ஆகி இருபது நாள், நான் பாறையில் முங்கிக்கொண்டிருக்கிறேன், என்னைப் பார்க்கிற சாக்கில் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் வத்தையைப் பாறைக்கு மேலேயே கொண்டுவந்துவிட்டார். பாறை சுரண்டின சத்தம் எனக்குக் கீழே பல்லைக் கூச வைத்தது. மேலே வந்து பார்த்தால் சீனியம்மா அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்துகிறாள், "ஏ புது மாப்ள! பொண்டாட்டியப் பாக்க வந்தியா, பாறைய ஒடைக்க வந்தியா? அவள என்ன முதலையா முழுங்கிரும்?" அவர் சிரித்துக்கொண்டே, "இல்லக்கா, டீ கொண்டாந்தேன்" என்றார். நிஜமாகவே ஒரு தூக்குவாளியில் டீ இருந்தது. பாதி கடல் தண்ணீர் கலந்த டீ. அதைக் குடித்தேன். புது விசிறி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போடவில்லை. அதன் பிறகு தீவுப் பக்கம் எத்தனை எஞ்சின் வந்தாலும் அவருடையது மட்டும் தண்ணீருக்குள் நொண்டிக்கொண்டு வரும். மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருக்கிற கை நின்றுவிடும். ட்ர ட்ர டக். ஆமாம். இதுதான். மேடம் என் முகத்தையே பார்க்கிறார்கள். கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தால் கேட்பார்கள், கேட்டால் தலை ஆடிவிடும்.

நின்றுவிட்டது. ஒரு தடவை இருமி, மறுபடி பிடித்து, நின்றுவிட்டது. இரண்டு நாளாக இருமிக்கொண்டுதான் இருந்தது அந்த எஞ்சின். முதல் நாள் சாயங்காலம் பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சேதுக்கும் ஒடம்பு சரியில்ல, தனியா போகணும், எஞ்சினு வேற மக்கர் பண்ணுது, நாளைக்குப் போகவா வேணாமா முனீசு என்று கேட்டார். என்னைக் கேட்டார். நான் சொன்னதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, என் வாயால் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, இப்போது சொல்கிறேன். "பொண்ணுக எல்லாம் நாளைக்கும் தீவுலதான இருப்பாக. நின்னுச்சுன்னா தெக்குப் பாறைப் பக்கம் துடுப்பப் போட்டு வந்துருங்க, அவுக படகுல கட்டி இழுத்துட்டு வருவாக." அப்படிச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் தீவுக்குப் போய் ஒரு வருஷம். எங்கள் பெண்கள் எங்களுக்குள்ளே போட்டுக்கொண்ட கட்டு ஒன்று உண்டு, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அதற்கு மேல் ஒருத்தியும் பாசியில் கை வைக்கக் கூடாது, பாசி திரும்ப முளைக்க வேண்டும். அந்த ஆறு நாளை நான் விரல் விட்டு எண்ணினேன். நாளைக்கு ஆறாவது நாள் என்று வந்தது. அன்று காலையில்தான் குழாயடியில் சீனியம்மா அக்கா குடத்தோடு நின்றாள். அக்கா, நாளைக்கும் போறீங்களா, அவ்வளவுதான் கேட்க வேண்டியது. நான் போகவில்லை என்பதால் என்னைக் கேலி செய்வாள், பால் குடுக்குற சாக்குல வீட்டுல உக்காந்துட்டா பாரு என்பாள் என்று தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து வந்துவிட்டேன். அந்த மாதம் ஒரு நாள் முன்னாலேயே இறங்கிவிட்டார்களாம். ஆறு நாள் அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாள் பாறையில் ஒரு ஈ காக்கை கிடையாது.

தேடப் போகும்போது கேட்டார்கள். பத்துப் படகு நின்றது, எல்லா ஆம்பிளைகளும் வாசலில். "ஏத்தா, போகும்போது ஏதாச்சும் சொன்னானா? எந்தப் பக்கம்னு ஏதும் சொன்னானா?" நான் கதவுக்குப் பின்னால். நண்டு வலைக்குன்னு சொன்னாக என்று சொன்னேன். அது பொய் இல்லை. வலை வடக்கே. வடக்கேயே மூன்று நாள் தேடினார்கள். தெற்குப் பாறை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் என்பார்கள். ஏன் என்றால், நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நாளைத் தப்பாக எண்ணினேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை ஆம்பிளைகள் முன்னால். நாளைக்கு வந்துவிடுவார், வந்த பிறகு அவர் காதில் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சிரிப்பார். உனக்கு அஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாதுல்ல, அஞ்சாப்புத்தான படிச்ச என்பார். அந்தச் சிரிப்பை நம்பி இருந்துவிட்டேன். போனும் என்னிடம், பாப்பாவுக்குச் சூடு மாதிரி இருக்கு, நீ வச்சுக்கோ, அவசரம்னா சேதுக்குப் போடு என்று வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு அவசரமும் வரவில்லை. பாப்பாவுக்குச் சூடும் இல்லை. வெறும் போர்வைச் சூடு.

மேடம் ஒரு பக்கத்துக் காதை மட்டும் மெதுவாகத் தூக்கிவிட்டு, "இனிமே வர்ற சத்தம்தான்மா எங்களுக்குப் புரியல. எஞ்சின் நின்னதும் ஆரம்பிக்குது. ஏதோ மீனா இருக்கும்னு தெரியாத சத்தம்னு குறிச்சு வச்சிருக்கோம். விட்டு விட்டு வருது, ஆனா ஒரே மாதிரி இடைவெளி. நீங்க கடலுக்குள்ள இதைக் கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, காதை மறுபடி மூடினார்கள். சடசடப்பு. டொக். அப்புறம், டொக் டொக். என் முதுகுத்தண்டு நேராகிவிட்டது. பாப்பா வாயெடுத்து என்னை அண்ணாந்து பார்க்கிறாள். ஒன்று, அப்புறம் இரண்டு. துடுப்புக் கட்டையால் வத்தையின் அடிவயிற்றில். தண்ணீருக்குள் இருக்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, அதனால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் தட்டுவார்கள், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தட்டு, ஒருத்தி புருஷன் தட்டு மற்றவளுக்கும் தெரியும். மேலே வந்து மூச்சு வாங்கும்போது, "முனீசு, ஒம் மாப்ள கதவத் தட்டுறாரு, போய்த் தொறந்து விடுடி" என்பார்கள், அந்த நடுக்கடலில். ஒன்று, இரண்டு என்றால் வந்திருக்கிறேன், மேலே வா. மூன்று ஒரே சீராக வந்தால், நான் கரைக்குப் போகிறேன். கீழே இருக்கிறவள் கல்லை எடுத்துப் பாறையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கேட்டது என்று அர்த்தம். அதைக் கேட்க அவர் துடுப்பின் இலையைத் தண்ணீருக்குள் விட்டு, காம்பின் நுனியில் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மேலே வந்து பார்த்திருக்கிறேன், தூங்குகிற பிள்ளை மாதிரி முகம். மேடத்துக்குப் புரியாத இடைவெளி அதுதான். டொக், டொக் டொக், அப்புறம் இவ்வளவு நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவர் துடுப்பில் காதை வைத்திருக்கிறார். பெண்கள் கீழே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லியிருக்கிறேனே, எஞ்சின் இரும ஆரம்பித்ததுமே அதை நம்பித்தான் இங்கே திரும்பியிருப்பார். மேலே ஒரு தலையும் தெரியவில்லை என்றாலும், ஒரு படகும் தெரியவில்லை என்றாலும், படகு தீவுக்கு மறைவில் நிற்கும், பெண்கள் முங்கியிருப்பார்கள், இப்போது வருவார்கள் என்று தட்டுகிறார். இன்னொரு தடவை. காதை வைக்கிறார். இறால் சொடுக்குகிறது. கேட்டுக்கொண்டிருந்தது கடல் தரையில் இந்தப் பெட்டி மட்டும். அதற்குப் பதில் தட்டத் தெரியாது.

படக்கென்று சத்தம் அறுந்தது. மேடம் கையை விரித்துக் காட்டுகிறார்கள், பெட்டி தூங்கப் போய்விட்டது. இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் எங்கேயும் இல்லை, யாரிடமும் இல்லை. மேடம் ஒரு பித்தானை அழுத்தினால் தாண்டிவிடுகிறது. அவர் தாண்டியிருக்க முடியாது, ஒவ்வொரு நிமிஷமாக இருந்திருக்க வேண்டும். கயிற்றை இழுத்து இழுத்து எஞ்சினைப் பார்த்திருப்பார், உள்ளங்கை உரிந்திருக்கும். நங்கூரம் போட்டிருப்பார், வாடைக்கு நிற்காது அந்தச் சின்ன நங்கூரம். அஞ்சு லிட்டர் கேனில் தண்ணீர் பாதிதான் பிடித்து வைத்தேன், முழுக்கப் பிடித்தால் கனம் என்று. பாதி. என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு தடவையாவது வாய்விட்டு, அடியே முனீசு, எங்கடி உங்க கூட்டம் என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் பெட்டிக்குக் கேட்டிருக்காது. மேலே சொல்கிறது ஒன்றும் கீழே வராது. தட்டினால்தான் வரும்.

மறுபடி சடசடப்பு. ஒன்பதரை என்று மேடம் எழுதிக் காட்டினார்கள். முதலில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நான் பாப்பாவின் பிடரியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பிறகு மெலிசாக, டொக். டொக் டொக். நகர்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிக்கிற தூரம். காதை வைக்கிற நேரம் இப்போது கொஞ்சம் நீளமாகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நேரம் என்று வைத்திருக்கிறார். நான் அன்றைக்கு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாலு மாதமாக யோசித்ததில்லை, இப்போது தெரிகிறது, ஒன்பதரைக்குப் பாப்பாவின் துணியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன், நல்ல வாடைக் காற்று, துணி சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் காற்று. டொக். அப்புறம் வரவேண்டிய இரண்டுக்குக் காத்திருந்தேன். வந்தது. ஆனால் சீராக வந்தது. டொக். டொக். மூன்றும் ஒரே சீர். நான் போகிறேன். கையெல்லாம் பாசியும் வாயெல்லாம் உப்புமாக நான் கீழே இருக்கும்போது, நீ இருந்து முடிச்சுட்டு வா, நான் போறேன் என்று தட்டுகிற அதே மூன்று, அவசரமே இல்லாமல். யாருக்குத் தட்டினார்? நான் அங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். பாப்பாவோடு வீட்டில் இருக்கிறேன் என்று தெரியும். தெரிந்தும் தட்டியிருக்கிறார். பிறகு சடசடப்பு மட்டும். பத்து மணிக்கு எழுந்த பெட்டியிலும் சடசடப்பு மட்டும். பாறை வெந்துகொண்டே இருக்கிறது.

காதில் இருந்ததை நானே கழற்றினேன். ரூம் ஏதோ பஞ்சு அடைத்த மாதிரி அமைதியாக இருக்கிறது. சேது டீயோடு வாசலில் நிற்கிறான், எப்போது வந்தான் தெரியவில்லை. மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அது என்ன மீனுன்னு தெரியுதாம்மா?" என்றார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். நான் தலையை ஆட்டவில்லை. "மீன் இல்ல மேடம். கூப்பிடுறாக" என்றேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "துடுப்பால தட்டிக் கூப்பிடுறாக. கடைசியா போறேன்னு சொல்லிட்டாக." மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். சேதுவைப் பார்க்காமல், டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னேன். "தெக்குப் பாறைதான். நான்தான் போகச் சொன்னேன். பொண்ணுக இருப்பாகன்னு நாளத் தப்பா எண்ணிச் சொன்னேன். அன்னைக்கு எல்லாரும் கேட்டப்பவும் வாயத் தொறக்கல." அவன் கிளாஸ் சாய்ந்து டீ கொஞ்சம் தரையில் கொட்டியது. "மதினி, அன்னைக்கே சொல்லிருந்தா…" என்றான். திட்டுவான் என்று நின்றேன். கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு, குனிந்து, தோளில் கிடந்த துண்டால் கொட்டின டீயைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமியாரிடம் அவன்தான் போய்ச் சொல்ல வேண்டும். இல்லை, நான் சொல்கிறேன். இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

"மேடம், அந்த முதல் பத்து நிமிஷத்த இன்னொரு தடவ போடுங்க" என்றேன். காதில் மாட்ட வந்தார்கள், வேண்டாம், வெளியே கேட்கிற மாதிரி போடுங்கள் என்றேன். ரூம் முழுக்கக் கடல் வந்தது. பாப்பா பாலை விட்டுவிட்டு, எங்கே எங்கே என்று சுற்றிப் பார்த்தாள். நொண்டிக்கொண்டு வந்தது, இருமியது, நின்றது. டொக். டொக் டொக். சேது துடைக்கிறதை நிறுத்திவிட்டான். அவர் துடுப்பில் காதை வைக்கிற இடம் வந்தது. நான் விரலை மடக்கி மேஜை மேல் தட்டினேன், இரண்டு.